ஒளியியல் பாடத்துக்கு எந்த இலவச வீடியோ? வகுப்புக்கு ஒன்று, வீட்டுக்கு வேறொன்று

ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குரூப்புகளில் லிங்க் மழை ஆரம்பித்துவிடும். ‘டென்த் சயின்ஸுக்கு அருமையான சேனல்’ என்று ஒருவர் அனுப்புவார். வரிசையாகக் கட்டைவிரல்கள் விழும். திறந்து முழுசாகப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் வராது. பெற்றோர் கூட்டத்திலும் இதே கேள்வி வேறு வடிவில் வரும்: “சார், பையன் யூடியூப் பாத்துப் படிக்கிறேன்னு சொல்றான். எதைப் பாக்கச் சொல்லட்டும்?”

இலவசம்தானே, எல்லாவற்றையும் காட்டிவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். காசு போகாது, சரி. பீரியட் போகும். நாற்பது நிமிட பீரியடில் அட்டென்டன்ஸ் எடுத்து, ப்ரொஜெக்டரை உயிர்ப்பித்து, சத்தம் வரவில்லை என்று ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிச் சொருகி முடிப்பதற்குள் பத்து நிமிடம் காலி. மிச்சமுள்ள முப்பதில் இருபத்தைந்து நிமிட வீடியோ ஒன்றை ஓடவிட்டால் அன்றைக்கு நீங்கள் நடத்தியது என்று ஒன்றுமே இருக்காது.

நான் வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டு பிரிவும் உண்டு. ஒப்பிட வசதியாக ஒரே பாடத்தை எடுத்துக்கொள்கிறேன்: அறிவியல் புத்தகத்தின் இரண்டாவது பாடம், ஒளியியல். சோதனை, கதிர்ப்படம், சூத்திரம், கணக்கு, கண் குறைபாடு, ராலே ஒளிச்சிதறல், ராமன் விளைவு என்று பல விதமான சரக்கு அதில் இருக்கிறது. ஒரு சேனல் எதற்குத் தேறும், எதற்குத் தேறாது என்பது இந்த ஒரு பாடத்திலேயே தெரிந்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் காட்டவும் வீட்டில் பார்க்கச் சொல்லவும் ஒரே சேனலைத் தேடி அலைய வேண்டாம். வகுப்பில் விளக்கிச் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். அங்கே அதிகம் பேசாத, சின்ன வீடியோ போதும். வீட்டில் நீங்கள் இல்லை. அங்கே நம் புத்தகத்தின் சொற்களிலேயே பேசுகிற வீடியோ வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல சேனல்கூடப் பயன்படாமல் போகிறது.

கல்வித் தொலைக்காட்சி

தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் பாட டிவி சேனல். 2019 ஆகஸ்ட் 26 அன்று கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அடுத்த வருடமே ஊரடங்கு வந்து, ஸ்மார்ட்போன் இல்லாமல் டிவி மட்டும் இருந்த வீடுகளுக்கு அதுதான் பள்ளிக்கூடம் என்று ஆனது. ஒளிபரப்பை நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடியாது. ஆனால் அதே பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. அங்கே நிறுத்தலாம், பின்னால் போகலாம்.

இதன் பெரிய பலம், நம் பாடப்புத்தகத்தின் வரிசையிலேயே போவது. ஒளிவிலகல் எண், குவியத் தொலைவு, விழி ஏற்பமைவு என்று புத்தகத்தில் என்ன சொல் இருக்கிறதோ அதே சொல்தான் காதிலும் விழும். பரீட்சைத் தாளிலும் அதுவே வரும். தமிழ் வழி மாணவருக்கு இது சாதாரண விஷயமில்லை. வெளிச் சேனல்களில் பெரும்பாலும் ‘ரிஃப்ராக்‌ஷன்’, ‘ஃபோக்கல் லென்த்’ என்றுதான் பேசுவார்கள். பிள்ளைக்கு விஷயம் புரிந்திருக்கும், கேள்வித்தாளில் தமிழில் கேட்டதும் விழிக்கும்.

ஆனால் இதை வகுப்பில் ஓடவிடாதீர்கள். அவை வகுப்பெடுப்பது போலவே எடுக்கப்பட்டவை. இன்னொரு ஆசிரியர் வந்து பாடம் நடத்துகிறார், நீங்கள் கதவோரம் நிற்கிறீர்கள். பிள்ளைகள் அவரை ஒரு நிமிடம் பார்ப்பார்கள், உங்களை ஒரு நிமிடம் பார்ப்பார்கள், அப்புறம் ஜன்னலைப் பார்ப்பார்கள். 2014-ல் பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் பார்வைகளை அலசினார்கள். ஆறு நிமிடத்தைத் தாண்டிய வீடியோக்களில் கவனம் சரிகிறது. வகுப்பு விரிவுரையைப் படம் பிடித்து நறுக்கிப் போட்டவை, வீடியோவுக்கென்றே திட்டமிட்டு எடுத்தவற்றைவிடக் குறைவாகவே பார்க்கப்படுகின்றன என்று கண்டார்கள். எட்எக்ஸில் இருப்பவை தாமாக விரும்பிச் சேர்ந்து படிக்கிறவர்களுக்கான பாடங்கள். நம் கடைசி பெஞ்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

சரி, யாருக்கு இது? அம்மை போட்டு இரண்டு வாரம் வராத பிள்ளைக்கு. ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டு லென்ஸ் பகுதி முழுவதையும் தவறவிட்டவனுக்கு. அவர்களுக்கு முழு வகுப்பும் வேண்டும், புத்தக வரிசையில் வேண்டும். இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

மணற்கேணியும் க்யூஆர் கோடும்

மணற்கேணி 2023-ல் பள்ளிக் கல்வித் துறை கொண்டுவந்த ஆப். பாடத்தைச் சின்னச் சின்னக் கருத்துகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் அனிமேஷன் வீடியோ, தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் தனித்தனியாக. புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போகிற திக்‌ஷா தளம் 2017-ல் வந்தது. அதில் பிடித்ததை டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டு நெட் இல்லாமலும் பார்க்கலாம். பள்ளி வைஃபையை நம்பிப் பிழைப்பு நடத்தும் நமக்கு இது பெரிய ஆறுதல்.

வகுப்புக்கும் வீட்டுக்கும் ஓரளவு இரண்டுக்குமே பொருந்துவது இந்த ரகம்தான். கண் லென்ஸ் எப்படித் தடித்து மெலிகிறது என்பதை எந்த ஆசிரியரும் கரும்பலகையில் காட்டிவிட முடியாது. அனிமேஷன் அரை நிமிடத்தில் காட்டிவிடும். கிட்டப்பார்வையில் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுவதும், குழிலென்ஸ் வைத்ததும் அது பின்னால் நகர்வதும் அப்படியே.

கதிர்ப்படத்துக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம் என்பேன். அனிமேஷனில் கோடுகள் வழுக்கிக்கொண்டு வந்து சரியான இடத்தில் நின்றுவிடும். பிள்ளைக்கு எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். நோட்டில் வரையச் சொன்னால் முதன்மை அச்சுக்கு இணையாக வந்த கதிர் லென்ஸுக்கு அப்பால் எங்கே போக வேண்டும் என்று கை நின்றுவிடும். ஸ்கேல் வைத்து, பென்சிலால், தப்பாக ஒரு கோடு போட்டு அழித்து வரைகிற ஒரு கையை அவர்கள் பார்க்க வேண்டும். அது உங்கள் கையாக இருப்பது உத்தமம்.

கான் அகாடமி

உலகம் முழுக்கப் பேர் போனது. சல்மான் கான் 2004-ல் தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, 2006-ல் யூடியூபில் வீடியோ போட ஆரம்பித்து, 2008-ல் லாப நோக்கமில்லாத அமைப்பாகப் பதிவு செய்தார். கறுப்புத் திரையில் கலர் பேனாவால் எழுதிக்கொண்டே பேசும் பாணி. முன்னே சொன்ன குவோவின் ஆய்விலும், ஸ்லைடு காட்டிப் பேசுவதைவிட இப்படி எழுதிக்காட்டுவது ஆட்களை அதிக நேரம் பிடித்து வைக்கிறது என்றே வந்தது. கதிர்ப்படம் வரைகிற கையைப் பார்க்க வேண்டும் என்றேனே, அது இங்கே இருக்கிறது.

அப்படியானால் ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கு இதையே கொடுத்துவிடலாமா? இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

நம் புத்தகத்தில் கார்டீசியன் குறியீட்டு மரபு: லென்ஸுக்கு வலப்பக்கத் தொலைவுக்கு நேர்க்குறி, இடப்பக்கத் தொலைவுக்கு எதிர்க்குறி. லென்ஸ் சமன்பாடு 1/எஃப் = 1/வி − 1/யூ (எஃப் குவியத் தொலைவு, வி பிம்பத்தின் தொலைவு, யூ பொருளின் தொலைவு). பொருள் எப்போதும் லென்ஸுக்கு இடப்பக்கம் இருப்பதால் யூ எதிர்க்குறி. கான் அகாடமியின் பழைய ஒளியியல் வீடியோவில் அமெரிக்கப் பள்ளிகளில் வழங்குகிற முறை: இரண்டு தொலைவும் நேர்க்குறி, நடுவில் கூட்டல். 20 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்ஸுக்கு முன் 30 செ.மீ. தொலைவில் பொருள் என்று வையுங்கள். நம் முறையில் யூ மைனஸ் 30; கணக்கு முடிந்தால் வி 60 செ.மீ. அவர்கள் முறையிலும் 60 தான் வரும். இரண்டும் சரி.

பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? சூத்திரத்தை வீடியோவிலிருந்து எடுக்கும், குறியைப் புத்தகத்திலிருந்து எடுக்கும். கூட்டல் சூத்திரத்தில் மைனஸ் 30-ஐப் போட்டால் 1/வி = 1/20 + 1/30 என்று ஆகி, விடை 12 செ.மீ. என்று வந்து நிற்கும். பார்க்க நம்பும்படியான எண் என்பதால் சந்தேகமும் வராது. பேப்பர் திருத்துகிறவர் எங்கே பிசகியது என்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டார், சுழித்துவிட்டுப் போய்விடுவார்.

இந்திய மாணவர்களுக்கென கான் அகாடமி ஒழுங்கு செய்திருக்கும் வகுப்புவாரி வீடியோக்கள் சிபிஎஸ்இ பள்ளிகளின் என்சிஇஆர்டி பாடத்தை ஒட்டியவை. அதிலும் நம் கார்டீசியன் மரபுதான். அவற்றில் இந்தக் குழப்பம் இருக்காது. ஆனால் யூடியூபில் தேடினால் முதலில் எது கண்ணில் படும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே ‘கான் அகாடமி பாரு’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். நீங்கள் பார்த்துத் தேர்ந்த ஒரு வீடியோவின் லிங்க்கை மட்டும் கொடுங்கள். இந்த எச்சரிக்கை எல்லா வெளிநாட்டுச் சேனல்களுக்கும் பொருந்தும். தமிழ் வழிப் பிரிவுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பேர் பெற்ற தமிழ் அறிவியல் சேனல்கள்

பிரேமானந்த் சேதுராஜன் தொடங்கிய எல்எம்இஎஸ் போன்றவற்றைச் சொல்கிறேன். பேச்சுத் தமிழ், வேகம், நகைச்சுவை. பிள்ளைகளில் பலர் நாம் சொல்லாமலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வானம் ஏன் நீலம், கானல் நீர் எப்படி வருகிறது என்கிற கேள்விகளுக்கு இந்த ரகச் சேனல்கள் பசியைக் கிளப்பும். ராலே ஒளிச்சிதறலைத் தொடங்குமுன் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றைக் காட்டிவிட்டுப் பாடத்துக்குள் போகலாம். அதற்கு மேல் வேண்டாம். அவை பாடத்திட்டத்துக்காக எடுக்கப்பட்டவையும் அல்ல. அது அவற்றின் குறையும் அல்ல.

அர்விந்த் குப்தாவின் குட்டிப் படங்கள்

என் ஓட்டு இவருக்குத்தான். கான்பூர் ஐஐடியில் படித்தவர், 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். குப்பையில் போகிற ஸ்ட்ரா, பாட்டில் மூடி, தீக்குச்சி, சைக்கிள் ட்யூப் இவற்றை வைத்து அறிவியல் பொம்மை செய்வது எப்படி என்று நூற்றுக்கணக்கான குறும்படங்கள் எடுத்துப் போட்டிருக்கிறார். பல இந்திய மொழிகளில் பின்னணிக் குரல் உண்டு, தமிழிலும் உண்டு. பெரும்பாலானவை ஒன்றிரண்டு நிமிடம். குரலை அணைத்துவிட்டு ஓடவிட்டாலும் புரியும். அதுதான் வகுப்புக்கு வசதி: படம் ஓடும்போது நீங்கள் பேசலாம், நிறுத்தலாம், “அடுத்து என்ன ஆகும், சொல்லு” என்று கேட்கலாம்.

அதோடு, படம் முடிந்ததும் பிள்ளைகள் அதைச் செய்து பார்க்க ஆசைப்படுவார்கள். மற்ற வீடியோக்கள் முடிந்ததும் அடுத்த வீடியோ கேட்பார்கள். எனக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும்.

குறை என்ன? பாடத்திட்டத்தில் தேடினால் கிடைக்காது. எந்தப் பாடத்துக்கு எந்தப் படம் என்று நீங்களே ஒருமுறை உட்கார்ந்து பார்த்துப் பட்டியல் போட வேண்டும். கோடை விடுமுறையில் ஒரு மதியம் போதும், அது வருடக்கணக்கில் உதவும்.

டியூஷன் சேனல்கள், என்பிடெல்

‘இதை மட்டும் படி, பாஸ்’, ‘இம்பார்ட்டன்ட் டூ மார்க்’ வகையறா பிப்ரவரியில் கொடிகட்டிப் பறக்கும். மெல்லக் கற்கும் மாணவர்களுக்குக் கடைசி மாதத்தில் திருப்புதலாக உதவும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ‘இது கட்டாயம் வரும்’ என்று அடித்துச் சொல்கிற சேனலை நம்பிக் கணக்கை விட்டுவிடுகிற பிள்ளைகள் உண்டு. ஜூனில் இவற்றைச் சொல்லவே வேண்டாம்.

என்பிடெல் சென்னை ஐஐடியை மையமாகக் கொண்டு, மற்ற ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய இலவச வீடியோப் பாடத் திட்டம். கல்லூரித் தரம். பத்தாம் வகுப்புக்கு இதில் வேலையில்லை. பிளஸ் டூ இயற்பியல் எடுக்கும் ஆசிரியர்கள் தங்கள் சந்தேகம் தீரப் பார்க்கலாம்.

நீங்களே எடுப்பது

பலர் இந்த வழியை யோசிப்பதே இல்லை. ஸ்டூடியோ வேண்டும், மைக் வேண்டும், எடிட்டிங் தெரிய வேண்டும் என்று பயம். லென்ஸ் கணக்குக்கு ஒன்றும் தேவையில்லை. மேசையில் இரண்டு பக்கமும் புத்தகங்களை ஒரு முழ உயரத்துக்கு அடுக்குங்கள். குறுக்கே இரண்டு மர ஸ்கேல்கள், நடுவில் கேமரா கீழே பார்க்கும்படி போன். அடியில் நோட்டு. ஃபேனை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தாளும் பறக்கும், காற்றுச் சத்தம் உங்கள் குரலைத் தின்றுவிடும். சென்னையில் ஏப்ரல் மாதம் ஐந்து நிமிடம் ஃபேன் இல்லாமல் கணக்குப் போடுவது ஒரு தவம்தான். அதனால் வீடியோ தானாகவே சுருக்கமாக வரும்.

முகம் காட்ட வேண்டாம். கையும் பேனாவும் குரலும் போதும். யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ என்று போட்டால் லிங்க் வைத்திருப்பவர் மட்டுமே பார்க்க முடியும், ஊரெல்லாம் தேடிக் கண்டுபிடிக்காது.

அமெரிக்காவின் கொலராடோவில் உட்லண்ட் பார்க் என்கிற ஊரின் பள்ளியில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007-ல் வகுப்புக்கு வராத மாணவர்களுக்காக இப்படித்தான் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். வந்திருந்தவர்களும் அதைத் திரும்பப் பார்த்தார்கள். பாடத்தை வீட்டில் வீடியோவாகப் பார்த்துவிட்டு, வகுப்பில் கணக்குப் போடுவது என்கிற தலைகீழ் வகுப்பு முறை பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டுக்கு ஒரே போன் இருக்கும் நம் தெருக்களில் முழுசாக அந்த முறைக்குப் போவதை நான் ஆதரிக்கவில்லை. பார்க்காமல் வருகிறவர்கள்தான் பாதிக்கு மேல் இருப்பார்கள். கணக்குகளுக்கு மட்டும் சொந்த வீடியோ என்பது நடக்கிற காரியம். உங்கள் சூத்திரம், உங்கள் குறியீடு, காலையில் கரும்பலகையில் பார்த்த அதே கையெழுத்து. மைனஸ் 30 தொல்லை இங்கே கிடையாது.

எதற்கு வீடியோவே வேண்டாம்

லென்ஸ் பாடத்தைத் தொடங்கும் அன்று ப்ரொஜெக்டரைத் தொடாதீர்கள். லேபிலிருந்து ஒரு குவிலென்ஸ் எடுத்து வாருங்கள். ட்யூப்லைட்டை அணைத்து, ஜன்னலுக்கு எதிரே லென்ஸைப் பிடித்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஜன்னல் கம்பியும், எதிர் வீட்டு மொட்டை மாடியில் காயும் துணியும் தலைகீழாக, கலரோடு தாளில் வந்து விழும். வகுப்பு அப்படியே எழுந்து வரும்.

இப்போது கேளுங்கள்: “லென்ஸோட மேல் பாதியை அட்டையால மூடினா என்ன ஆகும்?”

“பாதிதான் சார் தெரியும்.” அநேகமாக எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியால் மறைத்துக் காட்டுங்கள். துணி முழுசாகவே தெரியும், கொஞ்சம் மங்கலாக. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி லென்ஸ் முழுவதிலும் விழுகிறது. பாதியை மூடினால் ஒளியின் அளவுதான் குறையும். இதைப் பத்து வீடியோ பார்த்து மனப்பாடம் செய்தவனைவிட, தப்பாக விடை சொல்லிவிட்டு ஒருமுறை நேரில் பார்த்தவனுக்கு நன்றாக நிற்கும்.

இதற்கு ஆய்வும் துணை இருக்கிறது. இன்று வெரிடாசியம் என்ற யூடியூப் அறிவியல் சேனலால் பிரபலமான டெரெக் மல்லர், 2008-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்தது இயற்பியல் வீடியோக்களைத்தான். தெளிவாக, நேராக விளக்குகிற வீடியோவைப் பார்த்த மாணவர்கள் ‘நல்லா புரிஞ்சுது’ என்றார்கள். தேர்வு வைத்தால் முன்னேற்றம் சொற்பம். மாணவர்களிடம் வழக்கமாக இருக்கும் தப்பெண்ணத்தை முதலில் எடுத்து வைத்து, அப்புறம் அதை உடைக்கிற வீடியோவைப் பார்த்தவர்கள் ‘குழப்பமா இருந்துச்சு’ என்றார்கள். மதிப்பெண் அவர்களுக்குத்தான் அதிகம். தெளிவான வீடியோவில் பிள்ளை தன் பழைய எண்ணத்துக்கு ஒத்ததை மட்டும் கேட்டுத் தலையாட்டிவிடும்.

எனவே எந்த வீடியோவானாலும் ப்ளே பட்டனைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்டு, நோட்டில் விடையை எழுத வைத்துவிடுங்கள். வாயால் சொன்னால் பின்னால் ‘நானும் அதைத்தான் சார் சொன்னேன்’ என்று மாற்றிவிடுவார்கள்.

வீடியோவுக்கும் நேர் சோதனைக்கும் நடுவில் ஒன்று உண்டு: கொலராடோ பல்கலைக்கழகம் 2002-ல் தொடங்கிய ஃபெட் என்ற கணினிச் செயல்விளக்கங்கள். இலவசம். லென்ஸுக்கு முன்னால் பொருளை விரலால் நகர்த்தினால் பிம்பம் பெரிதாகி, சிறிதாகி, தலைகீழாவதை அங்கேயே பார்க்கலாம். ஸ்மார்ட் போர்டு இருக்கிற பள்ளிகளில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நகர்த்த விடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் படிக்க வேண்டிய சொல் அதிகம் கிடையாது.

வகுப்பில் கவனிக்க வேண்டியவை

யூடியூபைச் சொந்தக் கணக்கில் திறக்காதீர்கள். நேற்றிரவு நீங்கள் பார்த்த சமையல், சீரியல், அரசியல் விவாதம் எல்லாம் பக்கத்தில் வரிசை கட்டி நிற்கும். வகுப்பு அதைத்தான் படிக்கும். பாடத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆட்டோப்ளே’வை அணையுங்கள். விளம்பரம் வருவதைத் தடுக்க முடியாது, ஆகவே பெல் அடிக்குமுன்பே வீடியோவை ஓடவிட்டு, விளம்பரம் போனதும் தொடங்க வேண்டிய இடத்தில் நிறுத்தி வையுங்கள். ரம்மி விளம்பரத்தோடு ஒளியியலைத் தொடங்குவது நல்லதில்லை.

ஹாட்ஸ்பாட் போட்டுக் காட்டுகிறீர்கள் என்றால் யூடியூப் ஆப்பிலேயே முன்கூட்டி டவுன்லோடு செய்துகொண்டு போனிலிருந்து காட்டுவது நிம்மதி. வெயில் நேரே விழும் அறையில் ப்ரொஜெக்டர் படம் வெளுத்துத்தான் தெரியும். ஜன்னல் பக்கம் இரண்டு சார்ட் பேப்பர் ஒட்டினால் போதும். சத்தத்துக்கு, சொன்னேனே, பேசாத வீடியோ.

வீட்டில்

இங்கே பிரச்சினை சேனலே இல்லை. எங்கள் பகுதியில் பல வீடுகளில் ஒரு ஸ்மார்ட்போன்தான். அது அப்பாவோடு ஆட்டோவிலோ டெலிவரி வண்டியிலோ ஊர் சுற்றிவிட்டு ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் வீட்டுக்கு வரும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி திட்டத்தில் அப்போது மிச்சமிருப்பது கொஞ்சம். 480பி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறக்குறைய அரை ஜிபி போய்விடும். தரத்தை 360பி-க்கு இறக்கச் சொல்லிக் கொடுங்கள். எழுத்து படிக்கும்படியாகவே இருக்கும்.

அப்புறம் ஷார்ட்ஸ். பாட வீடியோ முடிந்த அடுத்த நொடி விரல் அங்கே போகும். பெரியவர்களாலேயே நிறுத்த முடியவில்லை, பதினைந்து வயதுப் பையனை மட்டும் திட்டி என்ன செய்ய? என் யோசனை: தேடிப் பார்க்கச் சொல்லாதீர்கள், லிங்க் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று, பத்து நிமிடத்துக்குள். அதோடு இரண்டு கேள்வி. விடை மறுநாள் நோட்டில் இருக்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. “எழுதிட்டியா? காட்டு” என்றால் போதும்.

போன் கிடைக்காத பிள்ளையை விட்டுவிடக் கூடாது. ஹைடெக் லேப் உள்ள அரசுப் பள்ளியானால் மாலையில் அரை மணி நேரம் திறந்து வைக்க ஹெச்.எம்.மிடம் பேசுங்கள். இல்லாவிட்டால் வகுப்பு கம்ப்யூட்டரிலேயே மதிய உணவு இடைவேளையில் ஓடவிடலாம். வீடியோ என்பது போன் இருக்கிறவனுக்கான கூடுதல் டியூஷனாக ஆகிவிட்டால், ஏற்கெனவே பின்தங்கியவன் இன்னும் பின்னால் போவான். 

சரி, எதை எடுப்பது?

தமிழ் வழிப் பிரிவு எடுப்பவர் என்றால்: முதல் வகுப்பு லென்ஸும் வெள்ளைத் தாளும். கதிர்ப்படம் கரும்பலகையில், உங்கள் கையால். கண் குறைபாட்டுக்கு மணற்கேணி அல்லது திக்‌ஷாவிலிருந்து ஒரு துண்டு. இடையில் எங்காவது அர்விந்த் குப்தா படம் ஒன்று. கணக்குக்கு நீங்கள் எடுத்த வீடியோ. வராதவர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி.

ஆங்கில வழி என்றால் இதோடு கான் அகாடமியின் இந்தியப் பாடத்திட்ட வீடியோ ஒன்றை வீட்டுக்குச் சேர்க்கலாம், குறியீட்டு மரபை நீங்கள் சரிபார்த்த பிறகு.

மாலை நேர டியூஷன் மையங்களிலும் தெருவோரத் தன்னார்வ வகுப்புகளிலும் சொல்லிக்கொடுக்கிறவர்கள் பலர் அறிவியல் படித்தவர்களாக இருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சிதான் முதல் தேர்வு. வகுப்பில் ஓடவிடாதீர்கள் என்று நான் சொன்னது அவர்களுக்குப் பொருந்தாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, அதுவரை கேட்டதைப் பிள்ளைகளையே திருப்பிச் சொல்லச் சொன்னால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே ஜூனில் ஆரம்பிக்க முடியாது என்பவர்கள் சொந்த வீடியோவிலிருந்து தொடங்கட்டும். லென்ஸ் கணக்கு ஒன்று, லென்ஸின் திறனை டையாப்டர் என்ற அலகில் காணும் கணக்கு ஒன்று. இரண்டையும் ஒரே மாலையில் எடுத்துவிடலாம், ஃபேனை அணைத்துவிட்டு.